இரண்டு மைட்டோகாண்ட்ரியாக்கள் ஒன்றாவது எப்படி? சவ்வுப் புரதங்களின் பணி: ஓர் எளிய விளக்கம்

பள்ளிப் பாடநூல்களில் மைட்டோகாண்ட்ரியா பெரும்பாலும் ஒரு நீள்வட்டமாகவே வரையப்பட்டிருக்கும். செல்லுக்குள் ஆங்காங்கே தனித்தனியாக மூன்று நான்கு நீள்வட்டங்கள், ஒவ்வொன்றின் உள்ளேயும் மடிப்பு மடிப்பாக ஒரு கோடு. செல்லைப் பதப்படுத்தி, மெல்லிய சீவலாக வெட்டி, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கும்போது கிடைக்கும் தோற்றம் அது. உயிருள்ள செல்லில் அதே மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஒளிரும் சாயம் ஏற்றித் தொடர்ந்து கவனித்தால் காட்சி வேறாக இருக்கும். நீண்ட இழைகள் நகரும், கிளைவிடும், ஓரிடத்தில் அறுந்து இரண்டாகும். சற்று நேரத்தில் வேறு இரண்டு இழைகளின் நுனிகள் தொட்டுக்கொண்டு, தொட்ட இடத்தில் எல்லை மறைந்து, ஒரே இழையாகிவிடும். மார்கரெட் லூயிஸ், வாரன் லூயிஸ் இருவரும் 1914, 1915ஆம் ஆண்டுகளிலேயே ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் இத்தகைய மாற்றங்களைக் கண்டு எழுதியிருந்தார்கள். ஆனால் அந்த ஒன்றிணைதலை எந்த மூலக்கூறு நடத்துகிறது என்பது தெரியவர மேலும் 80 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மைட்டோகாண்ட்ரியா இணைவு எனப்படும் இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள, ஒன்றை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சவ்வு ஒன்றல்ல, இரண்டு. வழவழப்பான வெளிச்சவ்வு செல்லின் சைட்டோபிளாசத்தைப் பார்த்தபடி இருக்கிறது. அதற்குள்ளே, ஒரு குறுகிய இடைவெளியை விட்டு, உட்சவ்வு இருக்கிறது. உட்சவ்வு உள்நோக்கி ஆழமாக மடிந்து கிரிஸ்டே என்னும் மடிப்புகளை உண்டாக்குகிறது, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்னும் மூலக்கூறைத் தயாரிக்கும் புரதங்கள் அந்த மடிப்புகளில்தான் நெருக்கமாக அமைந்துள்ளன. உட்சவ்வுக்குள் அடங்கிய பகுதியே மேட்ரிக்ஸ். மைட்டோகாண்ட்ரியாவுக்கே உரிய டி.என்.ஏ. அங்கு இருக்கிறது.

ஆகவே இரண்டு மைட்டோகாண்ட்ரியாக்கள் முழுமையாக ஒன்றாக வேண்டுமென்றால் நான்கு சவ்வுகள் சம்பந்தப்படுகின்றன. வெளிச்சவ்வு வெளிச்சவ்வோடும், உட்சவ்வு உட்சவ்வோடும் சேர வேண்டும். மாறிச் சேர்ந்தால் அறைகள் கலந்து மைட்டோகாண்ட்ரியா செயலற்றுப் போகும். இந்த இரண்டு இணைவுகளையும் நடத்துபவை வேறு வேறு புரதங்கள். வெளிச்சவ்வில் மைட்டோஃபியூசின் 1, மைட்டோஃபியூசின் 2 என்னும் இரண்டு நெருங்கிய உறவுப் புரதங்களும், உட்சவ்வில் ஓபிஏ1 என்னும் புரதமும் அப்பணியைச் செய்கின்றன. சவ்வுகளைச் சேர்த்துவைப்பதோடு அவற்றின் பணி முடிந்துவிடுவதில்லை. எந்த மைட்டோகாண்ட்ரியா மற்றொன்றோடு சேரலாம், எது சேரக் கூடாது என்பதும் இந்தப் புரதங்களின் நிலையைப் பொறுத்தே முடிவாகிறது. இந்தத் துறையைப் புதிதாகப் படிப்பவர்கள் அடிக்கடி தவறவிடும் பகுதி இதுதான் என்பதால், கட்டுரையின் பெரும்பகுதியை அதை நோக்கியே கொண்டுசெல்ல விரும்புகிறேன்.

சவ்வுகள் ஏன் தாமாகச் சேர்வதில்லை?

உயிரணுச் சவ்வு என்பது இரண்டு அடுக்குக் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் நீரை விரும்பும் ஒரு தலைப்பகுதியும், நீரை வெறுக்கும் இரண்டு வால்களும் உண்டு. வால்கள் உள்ளே மறைந்துகொள்ள, தலைகள் இருபுறமும் நீரை நோக்கி நிற்கின்றன. இத்தகைய இரண்டு சவ்வுகளை மிக அருகில் கொண்டுவரும்போது, தலைகளைச் சூழ்ந்து ஒட்டியிருக்கும் நீர் மூலக்கூறுகள் விலக வேண்டியிருக்கிறது. அந்த நீரை விலக்குவதற்கு ஆற்றல் தேவை. சில நானோமீட்டர் தொலைவுக்குள் வந்ததுமே சவ்வுகள் ஒன்றையொன்று வலுவாகத் தள்ளுகின்றன. அதையும் மீறி நெருங்கினால்தான், முதலில் எதிரெதிரான வெளி அடுக்குகள் ஒன்று கலந்து, பின்னர் உள் அடுக்குகளும் கலந்து, ஒரு துளை திறந்து விரியும்.

செல்லுக்குள் சவ்வுகள் தற்செயலாகச் சேர்ந்துவிடாமல் இருப்பதற்கு இந்தத் தடையே காரணம். அது இல்லாவிட்டால் உள்ளுறுப்புகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோகும். சேர வேண்டிய இடத்தில் மட்டும் தடையைக் கடக்கச் செல் சிறப்புப் புரதங்களை வைத்திருக்கிறது. அவை சவ்வில் ஊன்றி நிற்கும் புரதங்களாகவே இருந்தாக வேண்டும். சைட்டோபிளாசத்தில் தளர்வாக மிதக்கும் ஒரு புரதம் எவ்வளவு வலுவாகச் சுருங்கினாலும் சவ்வை இழுக்க முடியாது. சவ்வின் கொழுப்பு அடுக்குக்குள் அதன் ஒரு பகுதி புதைந்திருந்தால்தான், புரதத்தின் வடிவ மாற்றம் சவ்வின் நகர்வாக மாறும். 'சவ்வுப் புரதம்' என்ற வகைப்பாடு இங்கு இவ்வளவு முக்கியமாவது இதனால்தான்.

நரம்பு செல்கள் வேதிச் செய்திகளை வெளியிடும்போதும் சவ்வுகள் இணைகின்றன. அங்கு அப்பணியைச் செய்பவை ஸ்னேர் எனப்படும் புரதங்கள்; செல்லுக்குள் பைகளின் போக்குவரத்தை விளக்கியதற்காக ஜேம்ஸ் ராத்மன், ராண்டி ஷெக்மன், தாமஸ் சூடாஃப் மூவருக்கும் 2013ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஸ்னேர் புரதங்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்போது வெளிப்படும் ஆற்றலே சவ்வுகளைச் சேர்க்கிறது. மைட்டோகாண்ட்ரியா இந்த வழியைப் பின்பற்றவில்லை. மைட்டோஃபியூசின்களும் ஓபிஏ1 புரதமும் டைனமின் என்னும் வேறொரு பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை, ஜி.டி.பி. என்னும் சிறு மூலக்கூறை உடைத்து, அதிலிருந்து கிடைக்கும் ஆற்றலால் தம் வடிவத்தை மாற்றிக்கொள்பவை. டைனமின் குடும்பத்தின் மற்ற உறுப்பினர்கள் பலர் சவ்வை அறுத்துப் பிரிப்பவர்கள் என்பதையும், மைட்டோகாண்ட்ரியாவைப் பிளக்கும் டிஆர்பி1 புரதமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். சேர்ப்பவையும் பிரிப்பவையும் ஒரே மூதாதைப் புரதத்தின் வழிவந்தவை. பாக்டீரியாக்களிலும் மைட்டோஃபியூசினை ஒத்த புரதங்கள் இருப்பதால், இந்தக் குடும்பம் மிகப் பழமையானது என்று கருதப்படுகிறது.

பழ ஈ காட்டிய வழி

முதல் தடயம் ஆண் பழ ஈயின் விந்தணு வளர்ச்சியிலிருந்து கிடைத்தது. பழ ஈயின் விந்தணு உருவாகும்போது ஒரு கட்டத்தில் செல்லில் உள்ள மைட்டோகாண்ட்ரியாக்கள் அனைத்தும் ஓரிடத்தில் திரண்டு, ஒன்றோடொன்று இணைந்து, கடைசியில் இரண்டே இரண்டு பெரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் ஆகின்றன. அவை ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு உருண்டையாக நிற்கும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் அடுக்கடுக்கான வெங்காயத்தைப் போலத் தோன்றும். ஒருவகைச் சடுதிமாற்றம் பெற்ற ஈக்களில் இந்த இணைவு நடக்கவில்லை. மைட்டோகாண்ட்ரியாக்கள் சிறு சிறு துண்டுகளாகவே தங்கிவிட, அடுக்குகள் தெளிவில்லாமல் கலங்கித் தெரிந்தன, அந்த ஈக்கள் மலடாகவும் இருந்தன. எனவே அந்த மரபணுவுக்கு 'ஃபஸி ஆனியன்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். கேரன் ஹேல்ஸும் மார்கரெட் ஃபுல்லரும் 1997ஆம் ஆண்டு அந்த மரபணுவை அடையாளம் கண்டு, அது ஜி.டி.பி.யை உடைக்கும் தன்மையுள்ள, சவ்வைக் கடந்து நிற்கும் ஒரு புரதத்துக்கு உரியது என்று காட்டினார்கள். மைட்டோகாண்ட்ரியா இணைவுக்குத் தேவையானது என்று கண்டறியப்பட்ட முதல் புரதம் அதுவே.

அடுத்த ஆண்டே ஈஸ்டில் அதன் இணை கண்டறியப்பட்டது. விரைவில் பாலூட்டிகளிலும் இரண்டு இணைகள் கிடைத்தன. அவையே மைட்டோஃபியூசின் 1, மைட்டோஃபியூசின் 2. ஈஸ்ட் முதல் மனிதர் வரை இந்தப் புரதத்தின் அடிப்படை அமைப்பு மாறாமல் வந்திருப்பது, இணைவு என்பது ஏதோ ஒரு திசுவின் தனிப்பழக்கம் அல்ல என்பதை உணர்த்துகிறது.

2003ஆம் ஆண்டு டேவிட் சானின் ஆய்வகம், இவ்விரண்டு மரபணுக்களில் ஏதேனும் ஒன்றை நீக்கிய சுண்டெலிக் கருக்கள் தாயின் வயிற்றிலேயே, கருக்காலத்தின் நடுவில் இறந்துவிடுவதைக் காட்டியது. இரண்டையும் இழந்த செல்களை ஆய்வகத்தில் வளர்க்க முடிந்தது. ஆனால் அவற்றின் மைட்டோகாண்ட்ரியாக்கள் அனைத்தும் சிறு துண்டுகளாகச் சிதறி, இணைவே இல்லாமல் கிடந்தன, செல்களும் மெதுவாகவே வளர்ந்தன.

மைட்டோஃபியூசின்: வெளிச்சவ்வின் இணைப்பாளர்

மனித மைட்டோஃபியூசின் 1 புரதத்தில் 741 அமினோ அமிலங்களும், மைட்டோஃபியூசின் 2 புரதத்தில் 757 அமினோ அமிலங்களும் உள்ளன. இரண்டின் கட்டமைப்பும் ஏறத்தாழ ஒன்றே. முன்பகுதியில் ஜி.டி.பி.யைப் பற்றி உடைக்கும் பெரிய தலைப்பகுதி இருக்கிறது. அதையடுத்து நீண்ட சுருள் பகுதி ஒன்றும், சவ்வில் புதையும் பகுதியும், இறுதியில் மற்றொரு சுருள் பகுதியும் வருகின்றன. தலைப்பகுதி சைட்டோபிளாசத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் பக்கத்தில் வரும் மற்றொரு மைட்டோகாண்ட்ரியாவை அது எட்டிப் பிடிக்க முடிகிறது. புரதம் சவ்வை இரண்டு முறை கடந்து இரு முனைகளையும் வெளியே வைத்திருக்கிறது என்பது நெடுநாள் கருத்து. ஆனால் பாலூட்டிகளின் மைட்டோஃபியூசின் ஒருமுறை மட்டுமே கடக்கிறது, அதன் கடைசி முனை இரு சவ்வுகளுக்கு இடைப்பட்ட வெளியில் இருக்கிறது என்று 2018ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று வாதிட்டது. இது சிறிய கருத்து வேறுபாடு போலத் தோன்றலாம். உண்மையில், இரு மைட்டோகாண்ட்ரியாக்களைப் பிடித்து நிறுத்துவது புரதத்தின் எந்தப் பகுதி என்ற கேள்வியே இதில்தான் தொங்குகிறது.

2004ஆம் ஆண்டு வெளியான படிக அமைப்பு ஆய்வில், ஒரு மைட்டோகாண்ட்ரியாவின் மைட்டோஃபியூசினுடைய இறுதிச் சுருள், எதிரேயுள்ள மைட்டோகாண்ட்ரியாவின் மைட்டோஃபியூசினுடைய இறுதிச் சுருளோடு தலைமாறிப் பின்னிக்கொண்டு, சுமார் 9.5 நானோமீட்டர் நீளமுள்ள பிணைப்பை உண்டாக்குவதாக முன்மொழியப்பட்டது. 2016, 2017ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அமைப்பு ஆய்வுகள் மற்றொரு சாத்தியத்தைக் காட்டின. அவற்றின்படி, ஜி.டி.பி.யைப் பற்றிய தலைப்பகுதிகளே எதிரெதிரே வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, ஜி.டி.பி. உடையும்போது தலைக்கும் உடற்பகுதிக்கும் இடையிலான மூட்டு மடங்கி, இரண்டு சவ்வுகளும் அருகருகே இழுக்கப்படுகின்றன. இரண்டாவது கருத்துக்கு ஒரு வலுவான காரணம் உண்டு: ஜி.டி.பி. உடைப்பு எங்கே வேலையாக மாறுகிறது என்பதை அது நேரடியாக விளக்குகிறது. ஈஸ்ட் மைட்டோகாண்ட்ரியாக்களை உறைநிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படம்பிடித்தபோது, தொடும் பகுதியைச் சுற்றிப் புரதங்கள் ஒரு வளையமாக அமைவதும், வளையத்தின் உள்ளே சவ்வுகள் மிக நெருக்கமாக அழுந்தியிருப்பதும் தெரிந்தன. பல மைட்டோஃபியூசின்கள் சேர்ந்தே இந்தக் காரியத்தை முடிக்கின்றன என்பதற்கு அது நல்ல சான்று.

எந்த விளக்கத்தை ஏற்றாலும் ஒரு விஷயத்தில் ஐயமில்லை. மைட்டோஃபியூசின் இரண்டு மைட்டோகாண்ட்ரியாக்களிலும் இருந்தாக வேண்டும். மைட்டோஃபியூசின் உள்ள மைட்டோகாண்ட்ரியாவின் அருகில் அது இல்லாத மைட்டோகாண்ட்ரியாவைக் கொண்டுவந்தால் இணைவு நடப்பதில்லை. ஒரு பக்கத்தின் விருப்பம் மட்டும் போதாது. இந்த எளிய நிபந்தனையால் செல்லுக்கு ஒரு பெரிய வசதி கிடைக்கிறது: ஒரு குறிப்பிட்ட மைட்டோகாண்ட்ரியாவின் மேற்பரப்பிலிருந்து மைட்டோஃபியூசினை நீக்கிவிட்டாலே போதும், மற்ற எல்லா மைட்டோகாண்ட்ரியாக்களிடமிருந்தும் அதை விலக்கி வைத்துவிடலாம். செல் இதை எவ்வாறு பயன்படுத்துகிறது என்பதைச் சற்றுப் பின்னர் பார்ப்போம்.

ஓபிஏ1: உட்சவ்வின் இணைப்பாளர்

வெளிச்சவ்வுகள் சேர்ந்த பின்னர், பொதுவான ஒரு வெளிச்சவ்வுக்குள் இரண்டு உட்சவ்வுகள் எதிரெதிரே நிற்கின்றன. இயல்பான செல்லில் இரண்டு இணைவுகளும் அடுத்தடுத்து மிக வேகமாக நடந்துவிடுவதால், அவற்றைத் தனித்தனி நிகழ்வுகள் என்று நிறுவுவது எளிதாக இருக்கவில்லை. ஜோடி நுன்னாரியின் ஆய்வகம் 2004ஆம் ஆண்டு ஈஸ்ட் செல்களிலிருந்து மைட்டோகாண்ட்ரியாக்களைத் தனியே பிரித்தெடுத்து, சோதனைக் குழாயிலேயே அவற்றை இணையச் செய்தது. ஜி.டி.பி. குறைவாக இருந்தபோது வெளிச்சவ்வுகள் மட்டும் இணைந்து, உட்சவ்வுகள் தனித்தனியாகவே நின்றன. ஜி.டி.பி. மிகுதியாகக் கிடைத்து, உட்சவ்வின் இருபுறமும் மின்னழுத்த வேறுபாடும் இருந்தபோதுதான் உட்சவ்வுகளும் இணைந்தன. இணைவு இரண்டு படிகளில் நடக்கிறது, அவற்றின் தேவைகளும் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனை இல்லை என்றே சொல்வேன்.

உட்சவ்வின் இணைவுக்கு உரிய ஓபிஏ1 புரதம் செல்லின் உட்கருவில் உள்ள மரபணுவின்படி சைட்டோபிளாசத்தில் தயாராகி, மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கடத்தப்படுகிறது. உள்ளே நுழைந்ததும் அதன் முகவரிப் பகுதி வெட்டி நீக்கப்படுகிறது. எஞ்சும் புரதம் ஒரு முனையை உட்சவ்வில் ஊன்றிக்கொண்டு, ஜி.டி.பி.யை உடைக்கும் பெரும்பகுதியை இரு சவ்வுகளுக்கு இடைப்பட்ட வெளியில் நீட்டி நிற்கிறது. இதை நீள் வடிவம் என்பார்கள். இந்த நீள் வடிவத்தில் ஒரு பகுதி மீண்டும் வெட்டப்பட்டு, சவ்வு ஊன்றுகோலை இழந்து, குறு வடிவமாக மாறுகிறது. இவ்வெட்டைச் செய்பவை உட்சவ்விலேயே இருக்கும் ஓஎம்ஏ1, ஒய்எம்இ1எல் என்னும் இரண்டு நொதிகள். இயல்பான செல்லில் நீள் வடிவமும் குறு வடிவமும் சேர்ந்தே இருக்கும். இணைவுக்கு நீள் வடிவம் இன்றியமையாதது. குறு வடிவம் தேவையற்ற கழிவு என்று கொள்ளக் கூடாது. இரண்டும் ஏற்ற விகிதத்தில் சேர்ந்திருக்கும்போது இணைவு சிறப்பாக நடக்கிறது என்று செயற்கைச் சவ்வுகளில் செய்த சோதனைகள் சொல்கின்றன.

மைட்டோஃபியூசினுக்கும் ஓபிஏ1 புரதத்துக்கும் இங்கே ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. மைட்டோஃபியூசின் இரு பக்கமும் தேவை. ஓபிஏ1 ஒரு பக்கம் இருந்தாலே இணைவைத் தொடங்க முடியும். எதிர்ப்பக்கத்தில் அதற்குத் தேவைப்படுவது ஒரு புரதம் அல்ல, கார்டியோலிப்பின் என்னும் கொழுப்பு. சாதாரணச் சவ்வுக் கொழுப்பு மூலக்கூறுக்கு இரண்டு வால்கள் இருக்க, கார்டியோலிப்பினுக்கு நான்கு வால்கள். மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில்தான் அது பெருமளவில் இருக்கிறது. ஓபிஏ1 நீள் வடிவம் பதித்த ஒரு செயற்கைச் சவ்வும், கார்டியோலிப்பின் கொண்ட மற்றொரு செயற்கைச் சவ்வும் ஜி.டி.பி.யின் உதவியோடு இணைவதை 2017ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உட்சவ்வு உட்சவ்வோடுதான் சேர வேண்டும் என்ற விதி எவ்வாறு காக்கப்படுகிறது என்பதற்கும் இதில் ஒரு விடை கிடைக்கிறது. கார்டியோலிப்பின் எங்கே மிகுந்திருக்கிறதோ அங்கேதான் ஓபிஏ1 பற்றிக்கொள்ளும்.

ஓபிஏ1 புரதத்துக்கு இணைவைத் தவிர இன்னொரு வேலையும் உண்டு. கிரிஸ்டே மடிப்புகளின் கழுத்துப் பகுதியைக் குறுகலாக வைத்திருக்க அது உதவுகிறது. சைட்டோகுரோம் சி என்னும் புரதத்தின் பெரும்பகுதி அந்த மடிப்புகளுக்குள் அடைபட்டிருக்கிறது; அது சைட்டோபிளாசத்துக்குள் கசிந்தால் செல் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் நடவடிக்கை தொடங்கிவிடும். ஆகவே ஓபிஏ1 குறைந்த செல்லில் இணைவு நின்றுபோவதோடு, செல் இறப்பின் வாசலும் எளிதில் திறந்துவிடுகிறது. நோய்களைப் பற்றிப் பேசும்போது இவ்விரண்டு விளைவுகளையும் பிரித்துப் பார்ப்பது ஆய்வாளர்களுக்குக் கடினமாக இருப்பதன் காரணமும் இதுவே.

பழுதானதை விலக்கிவைத்தல்

இனி, தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது பணிக்கு வருவோம். நலமாக இயங்கும் மைட்டோகாண்ட்ரியா தன் உட்சவ்வின் வழியே புரோட்டான்களை இடையறாது வெளியே தள்ளி, மின்னழுத்த வேறுபாடு ஒன்றை நிலைநிறுத்திக்கொண்டிருக்கிறது. ஏ.டி.பி. தயாரிப்புக்கு அந்த அழுத்தமே அடிப்படை. உட்சவ்வோ அதிலுள்ள புரதங்களோ பழுதாகும்போது மின்னழுத்தம் சரிகிறது. அழுத்தம் சரிந்த உடனே ஓஎம்ஏ1 நொதி விழித்தெழுந்து, கிடைக்கும் ஓபிஏ1 நீள் வடிவங்களை எல்லாம் குறு வடிவமாக வெட்டிவிடுகிறது. நீள் வடிவம் இல்லாத மைட்டோகாண்ட்ரியாவால் தன் உட்சவ்வை மற்றொன்றோடு இணைக்க முடியாது. பழுதான மைட்டோகாண்ட்ரியா எவருடைய கட்டளைக்கும் காத்திராமல், தன் பழுதின் விளைவாகவே கூட்டத்திலிருந்து விலக்கப்பட்டுவிடுகிறது.

வெளிச்சவ்விலும் இதற்கு இணையான ஓர் ஏற்பாடு இருக்கிறது. பிங்க்1 என்னும் நொதி நலமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தொடர்ந்து இழுக்கப்பட்டு, வெட்டப்பட்டு, அழிக்கப்படுகிறது. மின்னழுத்தம் இல்லாதபோது அதை உள்ளே இழுக்க முடிவதில்லை. எனவே அது வெளிச்சவ்வில் குவிகிறது. குவிந்த பிங்க்1 சைட்டோபிளாசத்திலிருந்து பார்கின் என்னும் புரதத்தை வரவழைத்துச் செயல்படச் செய்கிறது. பார்கின் வெளிச்சவ்வின் புரதங்கள்மீது யுபிகுவிட்டின் என்னும் சிறு புரதத்தை அடையாளமாக ஒட்டுகிறது. அவ்வாறு முதலில் அடையாளம் இடப்படுபவற்றில் மைட்டோஃபியூசின்களும் அடங்கும். அடையாளம் பெற்ற மைட்டோஃபியூசின் சவ்விலிருந்து பிடுங்கப்பட்டு அழிக்கப்படுகிறது. மேற்பரப்பில் மைட்டோஃபியூசின் இல்லாத மைட்டோகாண்ட்ரியாவை வேறு எதுவும் பற்றிக்கொள்ள முடியாது என்பதை முன்பே பார்த்தோம். தனித்து நிற்கும் அந்தத் துண்டைச் செல் ஒரு சவ்வுப் பைக்குள் அடைத்துச் செரித்துவிடுகிறது. பிங்க்1, பார்கின் ஆகியவற்றின் மரபணுக்களில் ஏற்படும் சடுதிமாற்றங்கள் இளவயதிலேயே தோன்றும் பார்கின்சன் நோய் வகைகளுக்குக் காரணமாகின்றன என்பதை எண்ணும்போது, இந்த விலக்கிவைத்தல் எவ்வளவு இன்றியமையாதது என்பது விளங்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு. செல்லுக்கு உணவு கிடைக்காதபோது மைட்டோகாண்ட்ரியாக்கள் நீண்டு ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. பிளவை நடத்தும் டிஆர்பி1 புரதத்தின்மீது பாஸ்பேட் சேர்க்கப்பட்டு, அது மைட்டோகாண்ட்ரியாவுக்கு வராமல் சைட்டோபிளாசத்திலேயே தங்கிவிடுகிறது. இணைவு மட்டும் எதிர்ப்பின்றித் தொடர்கிறது. பட்டினியின்போது செல் தன் உட்பொருள்களையே செரித்து ஆற்றல் பெற முயலும். அச்சமயத்தில் நீண்டு கோத்துக்கொண்ட மைட்டோகாண்ட்ரியாக்கள் அச்செரிமானத்துக்குத் தப்பிவிடுகின்றன.

இணைவதால் என்ன பயன்?

இரண்டு மேட்ரிக்ஸ்கள் ஒன்றாகும்போது அவற்றின் புரதங்களும் டி.என்.ஏ.வும் கலக்கின்றன. இந்தக் கலப்பைக் கண்ணால் காண ஓர் அழகான சோதனை உண்டு. ஒரு தொகுதிச் செல்களின் மைட்டோகாண்ட்ரியாக்களுக்குச் சிவப்பாக ஒளிரும் புரதத்தையும், மற்றொரு தொகுதிக்குப் பச்சையாக ஒளிரும் புரதத்தையும் கொடுத்து, பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் வேதிப்பொருளால் செல்களை ஒன்றோடொன்று சேர்த்துவிடுவார்கள். சில மணி நேரத்தில், சேர்ந்த செல்லின் மைட்டோகாண்ட்ரியாக்கள் மஞ்சளாகத் தெரியத் தொடங்கும். மைட்டோஃபியூசின்கள் இல்லாத செல்களில் சிவப்பும் பச்சையும் கடைசிவரை தனித்தனியாகவே நிற்கும்.

மனித மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. 16,569 கார இணைகள் மட்டுமே கொண்ட சிறு வளையம். அதில் 37 மரபணுக்கள் உள்ளன, அவற்றில் 13 மரபணுக்கள் புரதங்களுக்கு உரியவை. ஒரு செல்லில் இதன் பிரதிகள் நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ இருக்கும், சில பிரதிகளில் பிழைகளும் இருக்கும். ஒரு மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு மரபணுவும் மற்றொன்றில் வேறொரு மரபணுவும் பழுதாகியிருந்தால், இரண்டும் இணைந்த பின் ஒன்றின் குறையை மற்றொன்றின் நல்ல பிரதி ஈடுசெய்யும். இணைவை நிறுத்தினால் இந்த ஈடுசெய்தல் நின்றுபோகும். எலும்புத் தசைகளில் இரண்டு மைட்டோஃபியூசின்களையும் இழக்கச் செய்த சுண்டெலிகளில், தசைகளின் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வின் அளவு வெகுவாகக் குறைந்ததோடு, எஞ்சிய டி.என்.ஏ.வில் பிழைகளும் பெருகின என்று 2010ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. இணைவு நின்றால் டி.என்.ஏ. வெறுமனே கலக்காமல் போவதோடு, அதன் பராமரிப்பே குலைகிறது.

புரதம் பழுதானால்

ஓபிஏ1 என்ற பெயரே ஒரு நோயிலிருந்து வந்தது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து பிள்ளைகளுக்குக் கடத்தப்படும் ஒருவகைப் பார்வை நரம்புச் சிதைவுக்குக் காரணமான மரபணுவை 2000ஆம் ஆண்டு இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. அதுவே இந்த மரபணு. இந்நோயில் குழந்தைப் பருவத்திலிருந்தே பார்வை மெல்ல மங்கும். விழித்திரையிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுசெல்லும் நரம்பு செல்கள் சிதைவதே காரணம். நோயாளிகளில் பலருக்கு இம்மரபணுவின் ஒரு பிரதி முழு நலத்தோடுதான் இருக்கிறது; மற்றொரு பிரதி புரதத்தைத் தருவதில்லை. ஓபிஏ1 அறவே இல்லாததால் வரும் நோய் அல்ல இது. தேவையான அளவில் பாதிதான் இருப்பதால் வருகிறது. உடலின் மற்ற பெரும்பாலான செல்கள் பாதி அளவோடு சமாளித்துக்கொள்ள, விழித்திரையின் அந்த நரம்பு செல்களால் மட்டும் முடிவதில்லை.

மைட்டோஃபியூசின் 2 மரபணுவில் ஏற்படும் சடுதிமாற்றங்கள் ஷார்கோ–மாரி–டூத் நோயின் 2ஏ வகைக்குக் காரணம் என்பது 2004ஆம் ஆண்டு தெரியவந்தது. கால்களின் நுனியிலிருந்து தொடங்கித் தசைகள் மெலிந்து, நடை தடுமாறி, பின்னர் கைகளுக்கும் அது பரவுகிறது. நுனியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. முதுகுத்தண்டிலிருந்து பாதத்துக்குச் செல்லும் நரம்பு செல்லின் ஆக்ஸான் என்னும் நீண்ட இழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் இருக்கும். அதன் கடைக்கோடிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பயணம் செய்து சேர வேண்டும், வழியிலும் அங்கேயும் இணைந்து தம்மைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். மைட்டோஃபியூசின் 2 மைட்டோகாண்ட்ரியாக்களின் நகர்வுக்கும் துணை நிற்கும் புரதம் என்பதால், பாதிப்பு மிக நீண்ட நரம்புகளில் முதலில் தலைகாட்டுகிறது. மைட்டோஃபியூசின் 1 ஓரளவு கைகொடுக்கும் திசுக்களில் இதே சடுதிமாற்றம் வெளித்தெரியாமலே போய்விடுகிறது. சோதனைகளில், மைட்டோஃபியூசின் 1 புரதத்தைக் கூடுதலாகக் கொடுத்தபோது, பழுதான மைட்டோஃபியூசின் 2 உள்ள செல்களிலும் இணைவு மீண்டும் நடந்தது. உறவுப் புரதங்கள் இரண்டும் ஒரே வெளிச்சவ்வில் ஒன்றோடொன்று கைகோத்து வேலை செய்பவை என்பதால்தான் அது சாத்தியமாகிறது. உட்சவ்விலோ ஓபிஏ1 ஒன்றே இருக்கிறது. அதன் குறையை ஈடுசெய்ய அங்கே வேறு உறவுப் புரதம் இல்லை.